உயிர் போற நேரத்துல ஹாபியான்னு கேட்டாங்க. உங்க பொழுதுபோக்கு திரும்பி வந்துச்சா?

மெல்லிசை:
வணக்கம். இத எழுதணும்னு நெனச்சு நெனச்சு தள்ளிப் போட்டுட்டே இருந்தேன், இன்னிக்கு எழுதிடறேன். 2020க்கு முன்னாடி ஞாயிறு சாயங்காலம் ஆனா சேர்ந்து பாடறதுக்குன்னு எங்களுக்கு ஒரு க்ரூப் இருந்துச்சு. முப்பது பேரு. யாரும் மேடைப் பாடகர் கிடையாது, வேலைக்குப் போறவங்க, ரிட்டயர் ஆனவங்க, காலேஜ் பசங்க ரெண்டு பேர். 2020 மார்ச்ல கொரோனா வந்ததும் நிறுத்தினோம். மறுபடி ஆரம்பிக்க ரெண்டு வருஷத்துக்கு மேல ஆயிடுச்சு, அன்னிக்கு வந்தது பதினாலு பேர்தான். ஒருத்தர் தவறிட்டார். மீதிப்பேருக்கு பழக்கம் விட்டுப்போச்சு.

நிறுத்தினது தப்புன்னு நான் சொல்லவே இல்ல. கடைக்கு விதி வந்துச்சு, ஆபீஸுக்கு வந்துச்சு, ஸ்கூலுக்கு வந்துச்சு, நாங்க எதுல சேர்த்தின்னே யாருக்கும் தெரியல. போன் பண்ணி கேட்டா ஒருத்தர் "அது பொதுக்கூட்டம்"ன்னார், இன்னொருத்தர் "கலைநிகழ்ச்சி மாதிரி"ன்னார், மூணாவது ஆள் "இதெல்லாம் இப்ப அவசியமாம்மா"ன்னு கேட்டார். அந்த மூணாவது கேள்விதான் இன்னும் உறுத்துது. உங்களுக்கெல்லாம் எப்படி இருந்துச்சு? அடுத்த தடவ இப்படி ஒண்ணு வந்தா அரசாங்கம் நம்மள மாதிரி ஆளுங்களுக்கு எத தயாரா வெச்சிருக்கணும்? நெஜமாவே கேக்கறேன்.

வெறும்பார்வையாளன்:
அக்கா தப்பா எடுத்துக்காதீங்க. படுக்கை கிடைக்காம ஜனங்க வாசல்லயே செத்துட்டு இருந்த நேரம் அது. எங்க சித்தப்பாவ அப்படித்தான் இழந்தோம். அந்த நேரத்துல அதிகாரிங்க உக்காந்து பாட்டு க்ரூப்புக்கு விதி எழுதணும்னு எதிர்பார்க்கறது எனக்கு நியாயமா தெரியல. முதல்ல ஆக்சிஜன், அப்புறம் தடுப்பூசி, அதுக்கப்புறம்தான் மத்ததெல்லாம்.

கருப்புக்குதிரை:
செஸ் கிளப் இங்க. எங்களுது உடனே ஆன்லைனுக்குப் போயிடுச்சு, ஆளும் கூடிடுச்சு, ஆனா அது வேற கதை, சாயங்காலம் எழுதறேன்.

மெல்லிசை:
@வெறும்பார்வையாளன் தம்பி, சித்தப்பா விஷயம் கேட்டு மனசு கஷ்டமா இருக்கு. ஆனா நான் கேக்கறதுக்கு காரணமே உயிர்தான். 2020 மார்ச் 10, அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்துல ஸ்கேஜிட் வேலின்னு ஒரு பாடல் குழு. அன்னிக்கு பயிற்சிக்கு வந்தவங்க 61 பேர். கிருமிநாசினி போட்டுட்டுதான் உள்ள போனாங்க, கட்டிப்பிடிக்கல, கை குலுக்கல. ரெண்டரை மணி நேரம். அதுல 53 பேருக்கு நோய் வந்துச்சு, டெஸ்ட்ல உறுதியானது, அறிகுறிய வெச்சு சொன்னது ரெண்டையும் சேர்த்து. ரெண்டு பேர் இறந்துட்டாங்க. அதுக்கு அடுத்த நாள்தான், மார்ச் 11, உலக சுகாதார நிறுவனம் இத பெருந்தொற்றுன்னே சொல்லுது. அவங்க யாரும் விதிய மீறல, அந்த ஊர்ல அப்ப கூட்டத்துக்கு தடையே கிடையாது. "சேர்ந்து பாடறது ஆபத்து, இப்போதைக்கு நிறுத்துங்க"ன்னு முன்கூட்டியே யாராவது ஒரு வரி எழுதி வெச்சிருந்தா அந்த ரெண்டு பேரும் இருந்திருக்கலாம். ஹாபிக்கு விதி கேக்கறது சொகுசுக்காக இல்ல தம்பி.

வெறும்பார்வையாளன்:
இது எனக்குத் தெரியாது அக்கா. மேல சொன்னத வாபஸ் வாங்கல, ஆனா யோசிக்கறேன்.

இரவுப்பணி:
நான் அந்தப் பக்கம் இருந்தவன். பொது சுகாதாரத்துல வேலை, எங்கன்னு சொல்ல வேண்டாம். அந்த மூணாவது போன் மாதிரி நானும் யார்கிட்டயாவது பேசியிருப்பேனோன்னு இத படிச்சதும் பயம் வந்துடுச்சு. பேசியிருந்தா மன்னிச்சுடுங்க.

எங்க கோளாறு நடந்துச்சுன்னு எனக்குப் புரிஞ்சவரைக்கும் சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் வரும். முதல் விஷயம், நோய் எப்படி பரவுதுங்கறதையே ஆரம்பத்துல தப்பா புரிஞ்சுக்கிட்டோம். பெரிய எச்சில் துளி ஆறடிக்குள்ள விழுந்துடும், தொட்ட இடத்துல ஒட்டிக்கும், அதனால தள்ளி நில்லு கைய கழுவு, இவ்வளவுதான் எங்களுக்கு சொல்லிக்குடுத்தது. 2020 மார்ச் 28 அன்னிக்கு உலக சுகாதார நிறுவனமே இது காத்துல பரவாதுன்னு பெரிய எழுத்துல ட்விட்டர்ல போட்டுச்சு. ஜூலைல 239 விஞ்ஞானிங்க கையெழுத்துப் போட்டு, இல்ல காத்துல மிதக்கற நுண்துளிய கணக்குல எடுங்கன்னு கடிதம் எழுதினாங்க. அத தெளிவா ஒத்துக்க 2021 ஆயிடுச்சு. இதுக்கும் ஹாபிக்கும் என்ன சம்பந்தம்னா, எத மூடணும் எத திறந்து விடணும்னு முடிவு பண்றதே இத வெச்சுதான். துளின்னு நெனச்சா பார்க் பெஞ்சுக்கு டேப் சுத்துவீங்க, ஊஞ்சல துடைப்பீங்க. காத்துன்னு புரிஞ்சா, பார்க்க திறந்து விட்டுட்டு ஜன்னல் இல்லாத ஹால மூடுவீங்க. நாம நிறைய இடத்துல தலைகீழா பண்ணோம். ஜப்பான்ல மட்டும் அந்த மார்ச்லயே மூணு விஷயத்த தவிருங்கன்னு சொல்லிட்டாங்க, மூடின இடம், கூட்டம், நெருங்கி நின்னு பேசறது. ஒரு சின்னப் பிள்ளைக்கும் புரியற மாதிரி இருந்துச்சு. பாட்டு க்ரூப், டேபிள் டென்னிஸ் ஹால், நடைப்பயிற்சி, எதுவா இருந்தாலும் அந்த மூணுல வெச்சுப் பார்த்து நாமளே முடிவு பண்ணிக்கலாம்.

ரெண்டாவது விஷயம் தயாரிப்பு. பிரிட்டன்ல கொரோனா பத்தி நடந்த விசாரணையோட முதல் அறிக்கை 2024 ஜூலைல வந்துச்சு, அந்த நாடு தயாரானது வேற பெருந்தொற்றுக்கு, ஃப்ளூவுக்குன்னு அதுல வெளிப்படையாவே சொல்லிட்டாங்க. எந்த நாடு பெருந்தொற்றுக்கு எவ்வளவு தயார்னு பார்க்கற உலக சுகாதாரப் பாதுகாப்பு தரவரிசை 2019 அக்டோபர்ல வந்துச்சு, அதுல முதல் இடம் அமெரிக்கா, ரெண்டாவது இடம் பிரிட்டன். ஆறு மாசத்துல என்ன ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும். திட்டம் இருந்துச்சு, அத ஓட்டிப் பார்த்த பழக்கம் இல்ல. தைவான் 2003ல சார்ஸ்ங்கற தொற்று நோய்ல அடி வாங்கின ஊர், 2020 ஜனவரி 20 அன்னிக்கே கட்டளை மையத்த திறந்துட்டாங்க. ஏப்ரல் 12ல உலகமே பூட்டிக் கிடந்தப்ப அங்க பேஸ்பால் சீசன் ஆரம்பிச்சுச்சு, காலி மைதானத்துல. மே 8ல ஆயிரம் பேர் வரைக்கும் உள்ள விட்டாங்க. தொழில்முறை ஆட்டம் ஹாபி இல்லன்னு சொல்வீங்க, சரி, ஆனா வேலை விட்டு வந்து சாயங்காலம் போய் உக்காந்து பார்க்கறவனுக்கு அது ஹாபிதான?

நாலுசக்கரம்:
எனக்கு அப்ப 15 வயசு. ஸ்கேட்போர்டு தான் எனக்கு எல்லாமே, ஸ்கூல்ல பேச ஆள் கிடையாது, பார்க்ல மட்டும்தான் ஃப்ரெண்ட்ஸ். ஒரு நாள் போனா கேட் போட்டு சங்கிலி. கலிஃபோர்னியாவுல சான் க்ளெமென்டேங்கற ஊர்ல இன்னும் ஒரு படி மேல, ஸ்கேட் பார்க்குக்குள்ள 37 டன் மணல கொட்டிட்டாங்க, ஏப்ரல் 2020ல. பசங்க என்ன பண்ணாங்க, பக்கெட்டும் துடைப்பமும் எடுத்துட்டுப் போய் அள்ளிட்டு ஓட்டினாங்க. வெட்டவெளி சார் அது. ஆளுக்கு பத்தடி இடைவெளி தானாவே இருக்கும், கிட்ட வந்தா மோதிக்குவோம்.

நான் வீட்டுக்குள்ள ஒரு வருஷம் இருந்தேன். அப்புறம் போர்டுல ஏறினா முட்டி நடுங்குச்சு. இப்ப ஓட்டறதில்ல.

நூல்கண்டு:
தம்பி 😔

இரவுப்பணி:
@நாலுசக்கரம் நீ சொல்றதுல நியாயம் இருக்கு தம்பி, மணல் கொட்டினத என்னால நியாயப்படுத்த முடியாது. ஆனா வெட்டவெளி விஷயத்துல ஒரு மறுபக்கமும் இருக்கு, அத சொல்லாம விட்டா தப்பாயிடும். நியூசிலாந்துல மார்ச் 25 ராத்திரி நாலாம் லெவல், அதாவது இருக்கறதுலயே கடுமையான ஊரடங்கு போட்டப்ப வேட்டை, அலைச்சறுக்கு, படகு, மலை ஏறறது எல்லாத்தையும் நிறுத்தினாங்க. கடல்ல நோய் பரவும்னு இல்ல. நீ கால ஒடச்சுக்கிட்டா உன்ன தூக்க நாலு பேர் வரணும், அந்த நாலு பேரும் ஆம்புலன்ஸும் படுக்கையும் அன்னிக்கு வேற இடத்துல தேவை. அந்தக் காரணத்த மக்கள்கிட்ட சொன்னாங்க பாரு, அதுதான் எனக்குப் பிடிச்சது. நாலு லெவல்னு முன்னாடியே அறிவிச்சு, எந்த லெவல்ல எது உண்டு எது கிடையாதுன்னு போட்டாங்க. ஜூன் 8 ராத்திரி முதல் லெவலுக்கு இறங்கினதும் கூட்டத்துக்கு உச்சவரம்பே இல்ல, உள்ளூர்ல பாட்டு க்ரூப் உட்பட எல்லாம் திறந்தாச்சு. உனக்கு அன்னிக்கு யாராவது "இந்த லெவல் வந்ததும் கேட் திறக்கும்"ன்னு சொல்லியிருந்தா அந்த ஒரு வருஷம் வேற மாதிரி போயிருக்கும்னு தோணுது.

நாலுசக்கரம்:
ஆமா சார். தேதி கூட வேணாம். எது நடந்தா திறப்பீங்கன்னு சொன்னா போதும்.

தூரநோக்கி:
பறவை பாக்கறவன் நான், என் கதை உங்க எல்லார் கதைக்கும் நேர் எதிர், சொல்லவே கூச்சமா இருக்கு. அந்த வருஷம் தான் என் ஹாபி எனக்கு கிடைச்சதே. வண்டிச் சத்தம் நின்னதும் ஜன்னல் வழியா என்னென்னமோ கேட்க ஆரம்பிச்சுது. சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் ஒரு வகை சிட்டுக்குருவிய ஆராய்ச்சி பண்ணாங்க, ஊர் அமைதியானதும் அது மெதுவான குரல்ல பாட ஆரம்பிச்சுச்சாம், ஆனாலும் ரொம்ப தூரம் கேட்டுச்சாம். கத்த வேண்டிய தேவை இல்லாம போச்சு அதுக்கு. 2020 மே 9ல நடந்த உலகப் பறவை கணக்கெடுப்புல 50,000 பேருக்கு மேல கலந்துக்கிட்டாங்க, அதுவரைக்கும் இல்லாத எண்ணிக்கை, பல பேர் மொட்டைமாடில இருந்தும் ஜன்னல்ல இருந்தும். ஜூலைல நியோவைஸ் வால்நட்சத்திரம் வெறும் கண்ணுக்கே தெரிஞ்சுது, அத கண்டுபிடிச்சதே மார்ச் 27ல தான். பைனாகுலர எடுத்துட்டு மாடிக்குப் போய் நின்னேன், பக்கத்து மாடியில இருந்தவர் என்ன பாக்கறீங்கன்னு கேட்டார், நாலு வருஷமா பக்கத்துலயே இருக்கோம், அன்னிக்குத்தான் முதல் தடவை பேசினோம்.

ஆனா ஒண்ணு சொல்லணும். மாடி இருந்ததால தான் இது. ஒத்த ரூம்ல அஞ்சு பேரோட, ஜன்னல தொறந்தா சுவர் தெரியற வீட்டுல இருந்தவங்களுக்கு என்ன ஹாபி கிடைச்சிருக்கும்? பிரான்ஸ்ல ஒரு மணி நேரம், வீட்டுல இருந்து ஒரு கிலோமீட்டர், அதுக்கும் ஒரு படிவம் எழுதிட்டு போகணும். கடுமைதான், ஆனா அந்த ஒரு மணி நேரமாவது இருந்துச்சு. ஸ்பெயின்ல சின்னப் பிள்ளைங்க ஆறு வாரம் வாசப்படி தாண்டல, ஏப்ரல் 26ல தான் விட்டாங்க. பூங்காவ பூட்டறதுன்னா அது எல்லாருக்கும் சமமா விழற பூட்டு இல்ல. தோட்டம் வெச்சிருக்கறவனுக்கு பூங்கா பூட்டினா ஒண்ணும் ஆகாது.

வெறும்பார்வையாளன்:
இந்தக் கடைசி பத்தி நெஞ்சுல குத்துச்சு. எங்க வீடு அந்த சுவர் தெரியற வீடுதான்.

கருப்புக்குதிரை:
சொன்ன மாதிரி வந்துட்டேன். செஸ்ஸுக்கு பெருந்தொற்று நல்லதுதான் பண்ணுச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க, எண்ணிக்கைய பார்த்தா உண்மை. உலக சாம்பியன்கூட மோதப் போறது யாருன்னு முடிவு பண்ற கேண்டிடேட்ஸ் போட்டிய ரஷ்யாவுல எகடெரின்பர்க்ல மார்ச் 2020ல ஆரம்பிச்சு பாதியில நிறுத்தி, மீதிய ஏப்ரல் 2021ல தான் ஆடினாங்க. நடுவுல ஆன்லைன் ஒலிம்பியாட், அதுல இறுதி ஆட்டத்துல இணைப்பு போய் ரெண்டு பேரோட ஆட்டம் அறுந்து, கடைசியில இந்தியா ரஷ்யா ரெண்டுக்கும் சேர்த்து தங்கம் குடுத்தாங்க.

ஆனா எங்க கிளப்ல வியாழக்கிழமை வர்ற பெரியவர் ஒருத்தர் இருந்தார், எழுபத்தெட்டு வயசு. போன்ல ஆடத் தெரியாது. பழக்கிக் குடுக்கலாம்னு நானும் போன்லயே சொல்லிப் பார்த்தேன், "காய கையில எடுக்காம எனக்கு யோசிக்க வராதுப்பா"ன்னார். அப்புறம் ஒரு வழி பண்ணோம், தினம் ராத்திரி எட்டு மணிக்கு போன் பண்ணி ஒரே ஒரு மூவ் சொல்வேன், அவர் பலகைல வெச்சுப் பார்த்துட்டு மறுநாள் பதில் சொல்வார். ஒரு ஆட்டம் ரெண்டு மாசம் ஓடுச்சு. அந்த போன்ல மூவ் சொல்றது அரை நிமிஷம், மீதி இருபது நிமிஷம் அவர் பேசிட்டே இருப்பார். கிளப்ல ஆயிரம் பேர் ஆன்லைன்ல புதுசா சேர்ந்தாலும் எனக்கு அந்த ஆட்டம்தான் ஞாபகம் இருக்கு. "எல்லாத்தையும் ஆன்லைனுக்கு மாத்துங்க"ன்னு ஒரு வரில சொல்லிட்டுப் போறவங்களுக்கு இந்த மாதிரி ஆளுங்க கண்ணுக்கே தெரியறதில்ல.

ஸ்டாம்ப்தாத்தா:
அந்த வயசுக்காரன் எழுதறேன். பேரன் டைப் பண்றான், நான் சொல்றேன். தபால்தலை சேகரிக்கறேன் ஐம்பது வருஷமா. 2020ல பல நாட்டுக்கு தபாலே போகல, விமானம் இல்ல. எனக்கு நாலு நாட்டுல கடித நண்பர்கள். ஒருத்தர் கடிதம் எட்டு மாசம் கழிச்சு வந்தது, பிரிக்கறதுக்கு முன்னாடியே அவர் மகன்கிட்ட இருந்து ஈமெயில் வந்துடுச்சு, அப்பா போயிட்டார்னு. அந்தக் கடிதத்த இன்னும் பிரிக்கல.

தபால அத்தியாவசியம்னு பல அரசு சொல்லிச்சு. சொன்னா போதாது, விமானம் நின்னா வேற வழி என்னன்னு முன்னாடியே யோசிச்சிருக்கணும். அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது.

மெல்லிசை:
ஐயா, உங்களுக்கு என்ன பதில் எழுதறதுன்னே தெரியல. பேரனுக்கும் நன்றி.

நூல்கண்டு:
தையல் எனக்கு வேலை இல்ல, ராத்திரி மனசு அடங்கறதுக்காக தைக்கறது. அந்த வருஷம் என் ஹாபிய அரசாங்கத்துக்கு கடன் குடுத்தேன்னுதான் சொல்வேன். மாஸ்க் கையிருப்பு எங்கயுமே இல்ல, ஆஸ்பத்திரிக்கே பத்தல, அப்ப யாரு தெச்சாங்க? வீட்டுல மெஷின் வெச்சிருந்த பொம்பளைங்கதான். செக் குடியரசுல மார்ச் 19ல இருந்து வெளிய வந்தா மூக்கு வாய மூடணும்னு சட்டமே போட்டாங்க, கடைல மாஸ்க் கிடையாது, ஊரே உக்காந்து தெச்சுது, நாடகக்காரங்க கூட. எங்க பக்கம் எலாஸ்டிக் தீந்துபோச்சு, பழைய தலையணை உறை நாடா, டி-ஷர்ட் ஓரம் எல்லாத்தையும் வெட்டித் தெச்சோம். நான் நானூறுக்கு மேல தெச்சேன். அப்புறம் ஒரு வருஷம் மெஷின தொடல, அந்த சத்தம் கேட்டாலே ஆஸ்பத்திரி ஞாபகம்.

சந்தோஷமா குடுத்தேன், மறுபடி கேட்டாலும் குடுப்பேன். ஆனா எந்த துணி, எத்தன மடிப்பு, எப்படி மடிச்சா காத்து பக்கவாட்டுல போகாதுன்னு ஒரு பேட்டர்ன் முன்னாடியே வெச்சிருந்தா? ஆளாளுக்கு வீடியோ பார்த்து தெச்சோம், பாதி ஒண்ணுத்துக்கும் உதவாத மாஸ்க்கா இருந்திருக்கும். ஊர்ல யார்கிட்ட மெஷின் இருக்கு, யாருக்கு தைக்க வரும்னு ஒரு லிஸ்ட் எடுத்து வைக்கறதுக்கு என்ன செலவாகப் போகுது சொல்லுங்க.

திருப்புளி:
@நூல்கண்டு அக்கா சொன்னது எங்களுக்கும் பொருந்தும். த்ரீடி பிரின்டர் வெச்சு பொம்மை பண்ணிட்டு இருந்தவங்க நாங்க. ப்ரூசான்னு செக் நாட்டு பிரின்டர் கம்பெனி ஃபேஸ் ஷீல்டுக்கு, அதாவது முகத்துக்கு முன்னாடி மாட்டற பிளாஸ்டிக் தடுப்புக்கு டிசைன் போட்டு இலவசமா வெளியிட்டாங்க, உலகம் பூரா வீட்டுல உக்காந்து அச்சடிச்சாங்க, நானும்தான். அதவிட எனக்கு பெருசா தெரியறது கோர்ஸி ரோஸன்தால் பெட்டி. நாலு ஃபில்டர சதுரமா நிக்க வெச்சு டேப் ஒட்டி மேல ஒரு பெட்டி ஃபேன வெச்சா காத்த சுத்தம் பண்ற மெஷின் ரெடி, மெர்வ் 13னு போட்டிருக்கற ஃபில்டர் வேணும், மெர்வ்ங்கறது ஃபில்டர் எவ்வளவு நல்லா பிடிக்கும்னு காட்டற அளவு. 2020ல வந்த யோசனை. கடைல விக்கற ஏர் ப்யூரிஃபையர் விலைல சின்ன பங்குதான் ஆகும், ஒரு சாயங்காலத்துல பண்ணிடலாம்.

மெல்லிசை அக்கா, உங்க ஹால்ல ஜன்னல் எத்தன? கார்பன் டை ஆக்சைடு மீட்டர் ஒண்ணு வாங்குங்க, கைக்கு அடக்கமா வரும். வெளிக்காத்துல 420 பி.பி.எம். பக்கம் இருக்கும், அதாவது பத்து லட்சம் பங்கு காத்துல 420 பங்கு. உள்ள ஆளுங்க மூச்சு விட விட ஏறும். 800க்கு கீழ இருந்தா ஓரளவு நல்ல காத்தோட்டம், 1500 தாண்டினா நீங்க ஒருத்தர் விட்ட மூச்ச ஒருத்தர் இழுத்துட்டு இருக்கீங்கன்னு அர்த்தம். மீட்டர் வைரஸ அளக்காது, மூச்சுக்காத்து எவ்வளவு தேங்கி நிக்குதுன்னு மட்டும் காட்டும். ஃபில்டர் பெட்டி வெச்சா அந்த நம்பர் குறையாது, ஆனா நுண்துளி குறையும், இத குழப்பிக்காதீங்க.

இரவுப்பணி:
இத நான் சொல்ல மறந்துட்டேன், நன்றி. அமெரிக்காவுல கட்டட காத்தோட்டத்துக்கு விதி எழுதற சங்கம், ஆஷ்ரேன்னு பேரு, 2023ல தொத்து பரவாம இருக்க எவ்வளவு சுத்தமான காத்து வேணும்னு 241ன்னு ஒரு தரத்தையே வெளியிட்டாங்க. 2025 மே 20ல உலக சுகாதார சபை பெருந்தொற்று ஒப்பந்தத்த ஏத்துக்கிச்சு, அதுல தடுப்பூசி, மருந்து, தகவல் பகிர்வு எல்லாம் இருக்கு, இருக்கணும்தான். ஆனா சாதாரண ஆள் சாயங்காலம் போற ஹாலோட ஜன்னல் எந்த ஒப்பந்தத்துலயும் வராது, அது உள்ளூர் வேலை. நூலகம், சமுதாயக்கூடம், விளையாட்டு ஹால், இதுங்களுக்கு காத்தோட்டம் சரி பண்ண நோய் இல்லாத இந்த நேரம்தான் நேரம். எங்க ஆபீஸ் மீட்டிங்ல அடுத்த மாசம் இத எழுப்பப் போறேன். இந்த இழைய அச்செடுத்து எடுத்துட்டுப் போகலாமா? பேர் எல்லாம் எடுத்துடறேன்.

நூல்கண்டு:
தாராளமா. லிஸ்ட் விஷயத்தையும் சொல்லுங்க.

ஸ்டாம்ப்தாத்தா:
சரி.

நாலுசக்கரம்:
"எது நடந்தா திறப்பீங்க"ங்கறத மறக்காம சொல்லுங்க சார்.

வெறும்பார்வையாளன்:
என்னோடதையும் எடுத்துக்குங்க, முதல்ல கேட்டத கூட. அந்தக் கேள்விய உங்க மீட்டிங்லயும் யாராவது கேப்பாங்க, அப்ப அக்கா குடுத்த பதில படிச்சுக் காட்டுங்க.

மெல்லிசை:
பத்து நாள் கழிச்சு வரேன், மன்னிக்கணும். மீட்டர் வந்துடுச்சு, ஞாயித்துக்கிழமை எடுத்துட்டுப் போனேன். பத்தொன்பது பேர் வந்தோம். கதவு ஜன்னல் சாத்தி, எப்பவும் போல, சத்தம் வெளிய போகக்கூடாதுன்னு நாங்களே சாத்திக்குவோம். ஆரம்பிக்கறப்ப 560. நாப்பது நிமிஷத்துல 1900. எல்லாரும் மீட்டர சுத்தி நின்னு பார்த்தோம், யாரும் ஒண்ணும் பேசல. 2020 மார்ச் முதல் வாரத்துல இதே ஹால்ல முப்பது பேர் இதே மாதிரி சாத்திக்கிட்டு பாடியிருக்கோம்.

அப்புறம் எதிரெதிர் ஜன்னல் ரெண்டையும் கதவையும் திறந்தோம், இருபது நிமிஷத்துல 850க்கு வந்துச்சு. தெருச் சத்தம் உள்ள வருது, நாங்க பாடறது வெளிய போகுது. கீழ் வீட்டுக்காரங்ககிட்ட போய் சொல்லிட்டு வந்தேன், அவங்க ஏழரை மணி வரைக்கும் பரவாயில்லன்னாங்க.

@திருப்புளி தம்பி, அந்த ஃபில்டர் பெட்டி எத்தன அடி ஹாலுக்கு ஒண்ணு போதும்? எங்களுது இருபத்தஞ்சுக்கு பதினெட்டு, உயரம் பத்தடி இருக்கும். பாடறப்ப ஃபேன் சத்தம் தொந்தரவா இருக்குமா?